அன்று இருந்தது, இன்று இல்லை: ஆங்கிலத்தில் கூறும் முறை

தோட்டத்து இளைஞர் ஒருவர் வேறொரு தோட்டத்தில் வேலை கேட்டு எழுதிய ஆங்கில விண்ணப்பத்தை நம்மிடம் காட்டினார். பால்மரம் வெட்டுவதில் தமக்குள்ள பழக்கத்தைத் தெரிவிக்க எண்ணி, ‘ஐ யூஸ்ட் டு டேப் ரப்பர்’ என்று எழுதியிருந்தார். அவரோ அன்று காலையிலும் மரம் வெட்டிவிட்டு வந்தவர்! அவ்வாக்கியத்தைப் படிக்கும் நிர்வாகி, ‘முன்பு வெட்டினார், இப்போது விட்டுவிட்டார்’ என்றே பொருள் கொள்வார். ஒரு சிறு சொல்லால் வாய்ப்பே கைநழுவக்கூடும் அல்லவா?

‘யூஸ்ட் டு’ என்பது முன்பு வழக்கமாக நிகழ்ந்து, இப்போது நின்றுபோன செயலைக் குறிக்கும். ஜார்ஜ் டவுனில் 1961ஆம் ஆண்டு வரை டிராலி பஸ்கள் ஓடின. அதனை ‘டிராலி பஸ்ஸஸ் யூஸ்ட் டு ரன் இன் ஜார்ஜ் டவுன்’ என்பர். மாறிப்போன நிலையையும் இவ்வாறே கூறலாம். பினாங்கு 1969 வரை வரியில்லாத் துறைமுகமாக விளங்கியது. எனவே ‘பினாங் யூஸ்ட் டு பி எ ஃப்ரீ போர்ட்’ என்பது சரியாகும். ‘இப்போது இல்லை’ என்று தனியே எழுத வேண்டியதில்லை. அப்பொருள் அச்சொற்களிலேயே அடங்கியுள்ளது.

இதற்கு ‘வுட்’ என்னும் சொல்லும் பயன்படும். இம்முறை தமிழருக்குப் புதிதன்று. ‘அந்நாளில் ஆற்றில்தான் குளிப்போம்’ என்கிறோம். ‘குளிப்போம்’ என்பது எதிர்கால வினையாயினும், கடந்தகால வழக்கத்தையே அங்கு உணர்த்துகிறது. அதுபோலவே, 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படுவதற்கு முந்திய நாட்களை நினைத்து, ‘இன் தோஸ் டேஸ் வீ வுட் கிராஸ் பை ஃபெர்ரி’ என்று கூறலாம். ஆனால் ‘வுட்’ திரும்பத் திரும்ப நிகழ்ந்த செயலுக்கு மட்டுமே உரியது. துறைமுகத்தைப் பற்றிய வாக்கியம் நிலையைக் குறிப்பதால் அங்கு ‘வுட்’ பொருந்தாது.

மூன்று பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும்.

முதலாவது: ‘டிட்’ என்னும் சொல் வரும்போது ‘யூஸ்ட்’ என்பது ‘யூஸ்’ ஆகிவிடும். ‘டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?’ என்று கேட்க வேண்டும். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால், எழுதும்போது கவனம் தேவை.

இரண்டாவது: இத்தனை ஆண்டுகள் என்று கால அளவைக் கூறுமிடத்தில் ‘யூஸ்ட் டு’ வாராது. ‘ஐ லிவ்ட் இன் பினாங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே போதும்.

மூன்றாவது: நம் இளைஞர் செய்த பிழை. ‘பழகியிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் யூஸ்ட் டு டேப்பிங்’ என்று எழுத வேண்டும். ‘ஆம்’ முன்னும், ‘இங்’ பின்னும் வருதல் கட்டாயம். அவற்றை விட்டுவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

இதனைப் பழகுவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கிய முன்னோரின் கதைகள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் அந்நாளைய தோட்ட வாழ்க்கையைக் கேளுங்கள். அவர்கள் கூறுவனவற்றில் ஐந்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதட்டும். மொழியும் பழகும், குடும்ப வரலாறும் மறையாது.

அவ்விளைஞர் தம் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிய பின்னரே தபாலில் சேர்த்தார்.