அமீர்பேட்டுக்கு முன்னால் ஒரு கோடை விடுமுறை

ஐதராபாத் அமீர்பேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடந்தால், கட்டடத்தின் முகமே தெரியாத அளவுக்கு விளம்பரப் பலகைகள். ஜாவா, பைத்தான், டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ் என்று வரிசை கட்டி நிற்கின்றன. ‘புது பேட்ச் தொடக்கம், டெமோ வகுப்பு இலவசம்’ என்று நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். ஒய்டுகே பயம் உலகை ஆட்டிய தொண்ணூறுகளின் கடைசியில் மெயின்பிரேமுக்கு இருந்த கிராக்கி, இன்று ஏ.ஐ.க்கு.

வருகிறவர்களில் பலர் பி.டெக். முடித்தவர்கள். நாலு வருடம் கட்டணம் கட்டிப் படித்த பிறகு, வேலைக்காக மறுபடி கட்டணம், ஹாஸ்டல் வாடகை.

இதே வட்டாரத்தில் இன்னொரு வியாபாரமும் உண்டு. மினி ப்ராஜெக்ட், மேஜர் ப்ராஜெக்ட் இரண்டையும் ரிப்போர்ட்டோடு தயாராகவே விற்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். நேர்முகத் தேர்வில் ‘இந்த டேட்டாபேஸை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டால்தான் சிக்கல்.

நகரின் வடக்கே, ஷாமீர்பேட் பக்கம் 2008இல் வந்த பிட்ஸ் பிலானி வளாகத்தில் கணக்கு வேறு. 1973இல் பிலானியில் தொடங்கிய ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ இங்கும் உண்டு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் சுமார் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை. கடைசி ஆண்டில் ஆய்வேட்டைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு இன்னொரு முறை, ஐந்தரை மாதம். அன்றன்று செய்ததை டைரியில் எழுத வேண்டும். பேராசிரியர் முன்னால் கருத்தரங்கு, குழு விவாதம், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். படிப்பு முடியும் முன்பே அடுத்தவர் வைத்த கெடுவுக்குள் வேலை முடிக்கவும், குறை சொன்னால் கேட்டுத் திருத்தவும் பழகிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் பிட்ஸ் கிடைப்பதில்லை. கல்லூரி தராததைத் தேடிக்கொள்ள வழிகள் உண்டு. தெலங்கானா அரசு தொடங்கிய ‘டாஸ்க்’, கல்லூரிகளோடு சேர்ந்து மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் வந்த ‘நான் முதல்வன்’ அதே நோக்கம் கொண்டது. கையால் எதையாவது செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, ராயதுர்கத்தில் 2023 மார்ச்சில் திறந்த ‘டி-ஒர்க்ஸ்’ இருக்கிறது. 78,000 சதுர அடியில் 3டி பிரின்டர், லேசர் கட்டர், உலோகப் பட்டறை, மரவேலைக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

லேப்டாப்பும் இணையமும் மட்டும் இருப்பவர்களுக்கு, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள். முதல் திருத்தத்தை அனுப்பியதும் அதைப் பார்ப்பவர், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர். ‘டெஸ்ட் எங்கே?’ என்று திருப்பி அனுப்புவார். மாற்றி அனுப்பினால், பெயர் வைத்தது சரியில்லை என்பார். ஏற்கப்பட்டால் அந்தப் பேச்சு முழுவதும் தேதியோடு பொதுவில் பதிவாகி நிற்கும். இந்தப் பழக்கம் வந்தவர்கள் கூகுள் 2005 முதல் உதவித்தொகையோடு நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கடைசி ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூ, ஆன்லைன் தேர்வு, ப்ராஜெக்ட் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். இதையெல்லாம் முயன்று பார்க்கவும், பிடிக்காவிட்டால் துறையை மாற்றிக்கொள்ளவும் நேரம் மிஞ்சுவது இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடையில்தான்.