லேஸ் ஸ்வெட்டருக்கு எந்த ஊசி?

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், வட்டவடை. பாலக்காடு மாவட்டத்தில் நெல்லியாம்பதி. இவை எல்லாம் மலை ஊர்கள். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றில் சில நாள் புல்லின் மேல் உறைபனி படியும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர் வேண்டும். கம்பளி நூல் வாங்கி வீட்டிலேயே பின்னலாம்.

பூப்பூவாகத் துளை விட்டுப் பின்னுவது லேஸ் பின்னல். ஊசியில் நூலை ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டால் துளை விழும். கண்ணி ஒன்று கூடும். பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். அப்போது கணக்குச் சரியாகும். இரண்டு கண்ணிக்குள் ஊசி நுழைய வேண்டும். அதற்கு முனை கூர்மையாக இருப்பது நல்லது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஊசிக்கு எண் உண்டு. பழைய இங்கிலாந்து முறையில் எண் கூடினால் ஊசி மெலியும். 8 ஆம் எண் ஊசியின் கனம் 4 மி.மீ. 11 ஆம் எண் ஊசியின் கனம் 3 மி.மீ. தான். அமெரிக்க முறை இதற்கு நேர் மாறு. அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். அமெரிக்க 8 ஆம் எண் என்பது 5 மி.மீ. எனவே கடையில் எண்ணைச் சொல்லாதீர்கள். மி.மீ. அளவைச் சொல்லிக் கேளுங்கள். நூல் உருண்டையின் லேபிளிலும் பெரும்பாலும் ஊசி அளவு இருக்கும். படித்துப் பாருங்கள்.

எந்தப் பொருளில் செய்தது?

அலுமினிய ஊசி வழுவழுப்பானது. கை வேகமாக ஓடும். ஆனால் கண்ணி நழுவும். லேஸில் நழுவிய கண்ணியை எடுப்பது கடினம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மூங்கில் ஊசி நல்லது. அது நூலைப் பிடித்துக்கொள்ளும்.

மெல்லியதா, தடித்ததா?

ஊசி மிகவும் மெலிந்தால் துளை தெரியாது. பூ மூடிக்கொள்ளும். மிகவும் தடித்தால் பின்னல் தொளதொளக்கும். குளிர் உள்ளே வரும். குழந்தையின் விரல் துளையில் மாட்டும்.

முதலில் மாதிரி பின்னுங்கள்

ஸ்வெட்டரில் போடப்போகும் அதே பூவை ஒரு சாண் சதுரமாகப் பின்னுங்கள். நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றுங்கள். சமமாக விரித்துக் குண்டூசி குத்திக் காய வையுங்கள். கம்பளி லேஸ் நனைந்தால்தான் விரியும். காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். குழந்தையின் மார்புச் சுற்று 60 செ.மீ. ஸ்வெட்டர் 70 செ.மீ. இருந்தால் தாராளமாக இருக்கும். முன்பக்கம் 35, பின்பக்கம் 35. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் ஒரு பக்கத்துக்கு 70 கண்ணி.

ஊசி மெலிந்து 10 செ.மீ.க்கு 25 கண்ணி விழுந்தால்? அதே 70 கண்ணி 28 செ.மீ. தான் வரும். இரண்டு பக்கமும் சேர்ந்து 56 செ.மீ. குழந்தையின் மார்போ 60. ஸ்வெட்டர் இறுக்கிப் பிடிக்கும். பல நாள் உழைப்பைப் பிரிக்க வேண்டி வரும்.

மாதிரியில் கண்ணி கூடினால் சற்றுத் தடித்த ஊசி எடுங்கள். குறைந்தால் சற்று மெலிந்த ஊசி எடுங்கள். மறுபடி மாதிரி பின்னுங்கள். கணக்குச் சரியானதும் ஸ்வெட்டரைத் தொடங்குங்கள்.