நல்ல நாளும் அதுவுமா…

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் தேவர்சோலையில் நின்று பாருங்கள். திருப்பூர், கோவைப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் கூடலூர் பஸ்ஸிலிருந்து துணிப்பையும் பட்டாசுமாக இறங்குவார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீட்டு வாசலில், முறுக்கு மாவு ஒட்டிய கையோடு ஒரு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். போன் அடிக்கும். "லீவு கிடைக்கலம்மா, பொங்கலுக்குப் பார்க்கலாம்." "சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிடுவார். இருட்டினால் யானை பயம், அடுத்த லைனுக்குப் போய்ப் பேசவும் முடியாது. கண்ணைத் துடைத்தால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "நல்ல நாளும் அதுவுமா அழாதே!"

இந்த ஒரு வார்த்தை அடைத்துவைக்கும் வாய்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் அழுகை நோயில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கொழுந்து பறிக்கப் போக மனம் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "நான் இருந்து யாருக்கு என்ன?" என்ற பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, ஆளைத் தனியே விடாதீர்கள், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை, கயிற்றோடேயே டாக்டரிடமும் போகலாம்.

முதலில் 14416க்கு போன் செய்யுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதானால் கூடலூர் அரசு மருத்துவமனையில், காய்ச்சலைச் சொல்வதுபோல இதையும் சொல்லி, மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில் அதைத் தந்திருக்கிறது. டாக்டரிடம் சொன்னது எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 23ஆம் பிரிவின்படி அது ரகசியம். இன்னொரு பயம் போலீஸ் கேஸ். உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக்கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. ஆகவே கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் தாமதிக்காதீர்கள்.

மனசைக் கெடுப்பதில் பாதி பணம்தான். போனஸ் வருவதற்குள் புதுத்துணிக்குக் கடன், அதை அடைக்கக் குழுக்கடன். இந்த மாதிரி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி. மீறினால் எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம்: 15100.

வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்து அடித்தால், பெண்கள் 181ஐ அழையுங்கள். தினம் குடித்தவர் பண்டிகைக்காகச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுங்கலாம், வலிப்பும் வரலாம். அது நடிப்பில்லை, ஆஸ்பத்திரி கேஸ்.

தீபாவளியன்று அந்த அம்மா வீட்டுக்கு முறுக்குத் தட்டோடு போகிறவர்கள், மகன் ஏன் வரவில்லை என்று தோண்ட வேண்டாம். "ராத்திரி தூங்குனீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் உட்காருங்கள்.