இணையதளம் குடி மாறும்போது

வாடகை வீடு மாறும்போது நாம் என்னென்ன செய்கிறோம்? புது வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுக்கிறோம். சாமான்களை ஏற்றி அனுப்புகிறோம். பால்காரரிடமும் தபால்காரரிடமும் புது முகவரியைச் சொல்லி வைக்கிறோம். எல்லாம் முடிந்த பிறகே பழைய வீட்டுச் சாவியைத் திருப்பித் தருகிறோம். இந்த வரிசையை நமக்கு எவரும் பாடமாகக் கற்றுத் தருவதில்லை. ஆனாலும் சாவியை முதலில் கொடுத்துவிட்டுச் சாமான்களைப் பிறகு எடுக்கப் போவார் யாருமில்லை.

இணையதளங்களும் இப்படிக் குடி மாறுவது உண்டு. அதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தவறியதால் நேர்ந்த ஓர் இழப்பை அருகிலிருந்து பார்த்தவன் நான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆவடியை அடுத்த சேக்காட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய லேத் பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளர் என் பழைய மாணவர். பம்புகளுக்கு வேண்டிய ஷாஃப்டுகளையும் புஷ்களையும் கடைந்து கொடுப்பது அவர் தொழில். பட்டறைக்கு ஓர் இணையதளம் வைத்திருந்தார். அதைத் தாங்கிய நிறுவனம் முதல் ஆண்டு குறைந்த கட்டணம் வாங்கியது. புதுப்பிக்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்டது. “சார், வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா?” என்று என்னைக் கேட்டார். இயற்பியல் ஆசிரியருக்குக் கணிப்பொறியும் தெரிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தலையாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மாலை வேலையை முடித்தோம். ஒரு மணி நேரத்தில் புது இடத்திலிருந்து பக்கம் தெரிந்தது. மகிழ்ச்சியோடு அன்றிரவே பழைய கணக்கை மூடினோம். புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. “இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது. பட்டறையை மூடிவிட்டீர்களோ என்று நினைத்து ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம்” என்றார்கள். இரண்டு லேத்துகளுக்கு மூன்று வார வேலை அது.

தவறு எங்கே நடந்தது? அதை அறிய, ஓர் இணையதளம் எவற்றால் ஆனது என்பதை முதலில் பார்ப்போம்.

பெயர் வேறு, இடம் வேறு

இணையதளம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று பொருள்கள். முதலாவது அதன் பெயர். ‘டொமைன்’ என்று வழங்கும் இதை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்கிறோம். இரண்டாவது, பக்கங்களும் படங்களும் தங்கியிருக்கும் இடம். இது எங்கோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறி, சர்வர் என்பார்கள். இந்த இடத்தை வாடகைக்கு விடுவதே ‘ஹோஸ்டிங்’ தொழில். மூன்றாவது, அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களை வாங்கி வைக்கும் அஞ்சல் பெட்டி.

இம்மூன்றையும் ஒரே நிறுவனம் விற்பதால் மூன்றும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். மூன்றையும் மூன்று நிறுவனங்களிடம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது நினைவிருக்கலாம். எண் நம்முடையது, சேவைதான் நிறுவனத்துடையது என்பதே அதன் பொருள். இணையப் பெயரும் அப்படியே.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகின்றன. 192.0.2.25 என்பது போன்ற ஓர் எண் ஒவ்வொரு சர்வருக்கும் உண்டு. பெயருக்கு உரிய எண்ணைச் சொல்ல ஒரு முறை வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இதற்கு ஒரே ஒரு பட்டியல் இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. மற்றக் கணிப்பொறிகள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணிப்பொறிகள் பெருகப் பெருக ஒரே பட்டியலால் காலம் தள்ள முடியவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர், பட்டியலைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். எனப்படும் அம்முறையே இன்றும் உலகம் முழுவதும் இயங்குகிறது.

அது இயங்கும் விதத்தைப் பாருங்கள். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும், உங்கள் இணைய நிறுவனத்தின் கணிப்பொறி முதலில் வேர்ச் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. இவை ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 பெயர்களில் உள்ளன. “எனக்குத் தெரியாது, ‘.இன்’ பெயர்களை அறிந்தவரைக் கேள்” என்று அது வழிகாட்டுகிறது. அங்கே கேட்டால், “அந்தப் பட்டறையின் பட்டியல் இன்னாரிடம் இருக்கிறது” என்ற விடை கிடைக்கிறது. அந்த இன்னாரிடம் கேட்டால்தான் எண் கிடைக்கும். கிராமத்தில் ஆளைத் தேடிப் போகிறவர் ஊர், தெரு, வீடு என்று விசாரித்துப் போவது போன்றது இது. ஆனால் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மறதிக்கும் ஒரு கணக்கு

ஒவ்வொரு முறையும் இப்படி விசாரித்துக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும். ஆகவே ஒருமுறை அறிந்த எண்ணை அந்தக் கணிப்பொறி சில காலம் நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் என்பதைப் பட்டியலின் சொந்தக்காரரே நொடிக் கணக்கில் குறிப்பிடலாம். இதற்கு டி.டி.எல். என்று பெயர். 86,400 என்று குறித்தால் ஒரு நாள். 300 என்று குறித்தால் ஐந்து நிமிடம்.

எண்ணை மாற்றினால் புதுச் செய்தி உலகெங்கும் ‘பரவ’ வேண்டும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய நினைவு மறப்பதுதான் நடக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணிப்பொறியும் வெவ்வேறு நேரத்தில் அந்த எண்ணைக் கேட்டிருக்கும். எனவே டி.டி.எல். ஒரு நாள் என்றால், மாற்றிய ஆறு மணி நேரத்தில் சுமார் கால் பங்குக் கணிப்பொறிகள் பழையதை மறந்திருக்கும். பன்னிரண்டு மணியில் பாதி. இருபத்துநான்கு மணியில் அனைத்தும்.

இங்கே கதிரியக்கத் தேய்வை நினைவுகூரும் மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அரை ஆயுள் பன்னிரண்டு மணி நேரமுள்ள ஒரு தனிமத்தில், ஒரு நாள் கழித்தும் கால் பங்கு எஞ்சியிருக்கும். அணுவுக்குத் தன் வயது தெரியாது. கணிப்பொறியின் நினைவுக்கோ வயது குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே வரைபடம் வளைகோடாக நீளாமல், நேர்கோடாக இறங்கி ஒரு நாளில் பூச்சியத்தைத் தொட்டுவிடும். சில நிறுவனங்கள் இந்த அளவைச் சரிவர மதிப்பதில்லை என்பதால் இன்னும் சில நாட்கள் பொறுத்திருப்பது நல்லது.

எங்கள் கணிப்பொறியில் புதுப் பக்கம் தெரிந்தவுடன் உலகமே மாறிவிட்டதாக நாங்கள் நினைத்தது முதல் தவறு.

மின்னஞ்சல் ஏன் திரும்பியது?

இரண்டாவது தவறு பெரியது. பெயர்ப் பட்டியலில் பக்கத்தின் எண் மட்டும் இருப்பதில்லை. “இந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை இங்கே கொடு” என்ற குறிப்பும் தனியாக இருக்கிறது. நாங்கள் பட்டியல் முழுவதையுமே புது நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோம். அங்கே அஞ்சல் குறிப்பும் தானாகவே புது நிறுவனத்தைக் காட்டியது. ஆனால் அங்கே பட்டறையின் பெயரில் அஞ்சல் பெட்டி எதுவும் திறக்கப்படவில்லை.

சர்வர் தற்காலிகமாக நின்றுபோயிருந்தால், அனுப்பும் கணிப்பொறி நான்கைந்து நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். பூட்டிய வீட்டுக்குத் தபால்காரர் மறுநாளும் வருவது போல. “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று பதில் கிடைத்தாலோ உடனே திருப்பிவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நடந்தது இதுதான். பழைய கணக்கை மூடியதோடு, அங்கிருந்த நான்கு ஆண்டு மின்னஞ்சல்களும் போயின.

புது இடத்தை எப்படித் தேர்வது?

கட்டணம் மட்டும் பார்த்தால் போதாது. முதல் ஆண்டுக் கட்டணத்தைவிடப் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டறிவது முக்கியம். அடுத்து இரண்டு எளிய கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

முதற்கணக்கு, தூரம். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். போய்வர 27,000. அதாவது ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடைக்க, எவ்வளவு நல்ல கருவியானாலும் 0.135 நொடிக்குக் குறையாது. கடலடி வடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை. ஆகவே உண்மையில் இன்னும் கூடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இப்படி மூன்று, நான்கு முறை போய்வர வேண்டும். பட்டறையின் பக்கங்கள் அமெரிக்காவில் இருந்தன. வாடிக்கையாளர்களோ கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் இருந்தார்கள். ஒரு காலத்தில் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற அதே அம்பத்தூர்ப் பகுதியில் இன்று பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. உள்நாட்டுச் சர்வர் எனில் இந்தத் தாமதம் மிகச் சிறிதாகிவிடும்.

இரண்டாவது கணக்கு, விழுக்காடு. “99.9 விழுக்காடு நேரம் இயங்கும்” என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 8.76 மணி. ஆண்டில் ஒரு வேலை நாள் முழுவதும் நின்றாலும் அந்த வாக்குறுதி பொய்யாகாது என்பது இதன் பொருள்!

மாறும் வரிசை

இனி, நாங்கள் செய்திருக்க வேண்டிய வரிசையைக் காண்போம்.

முதலில், பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிவு செய்திருக்கக்கூடும். அப்படியானால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடம் போனால் வேறு இடம் கிடைக்கும். பெயர் போனால் வாடிக்கையாளருக்கு நீங்கள் இருக்குமிடம் தெரியாது.

இரண்டாவதாக, பக்கங்கள், தரவுத்தளம், மின்னஞ்சல்கள், பெயர்ப் பட்டியலின் ஒவ்வொரு வரி ஆகிய அனைத்தையும் உங்கள் சொந்த வட்டில் படியெடுங்கள். 2 கிகாபைட் அளவுள்ள ஒரு தளத்தை, நொடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்க ஏறக்குறைய 13 நிமிடம் போதும். இந்த 13 நிமிடத்தைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெரிய தரவு மையம் தீக்கிரையானது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இலட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தனர்.

மூன்றாவதாக, புது இடத்தில் எல்லாவற்றையும் அமைத்து, அஞ்சல் பெட்டிகளையும் திறந்துவிடுங்கள். பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது இல்லையென்றால் வருவோரை உலாவி எச்சரித்துத் திருப்பிவிடும். உலகம் அறியுமுன் நீங்கள் மட்டும் புதுத் தளத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்டான்ஃபோர்டு நிலையத்தின் பழைய பட்டியலைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அதன் வாரிசாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பு நம் மேசைக் கணிப்பொறிகளில் இன்றும் இருக்கிறது. அதில் பெயரையும் புது எண்ணையும் ஒரு வரியாக எழுதினால், உங்கள் கணிப்பொறி மட்டும் புது இடத்துக்குப் போகும். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறவாமல் நீக்கிவிடுங்கள்.

நான்காவதாக, மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டி.டி.எல். அளவை 300 நொடியாகக் குறையுங்கள். பழைய அளவான ஒரு நாள் கழிந்தபின், எல்லோருடைய நினைவும் ஐந்து நிமிட நினைவாகியிருக்கும். அதன்பின் எண்ணை மாற்றுங்கள். ஏதேனும் கோளாறு தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் பழைய எண்ணுக்கே திரும்பலாம். மாறும் வேளையில் விலைப்பட்டியல் போன்றவற்றைத் திருத்தாதீர்கள். திருத்தம் எந்த வீட்டில் விழுந்தது என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, இரண்டு வாரமாவது பழைய கணக்கை உயிரோடு வைத்திருங்கள். அங்குள்ள அஞ்சல் பெட்டியை நாள்தோறும் திறந்து பாருங்கள். அதன்பிறகு சாவியைக் கொடுக்கலாம்.

மூன்று மாதம் கழித்துக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒரு சிறிய ஆர்டரை மீண்டும் சேக்காட்டுக்கு அனுப்பியது. இப்போது பட்டறையின் சரக்குப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் என் மாணவர் நான்கு வரிகள் எழுதி வைத்திருக்கிறார்: பெயர் யாரிடம் பதிவு, இடம் யாரிடம், மின்னஞ்சல் யாரிடம், ஒவ்வொன்றும் முடியும் தேதி எது. உங்கள் வீட்டிலோ கடையிலோ ஓர் இணையதளம் இருந்தால், இந்த நான்கு வரிகளையும் இன்றே உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.