திரைவழிப் பாடமும் வகுப்பறைப் பாடமும்

கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ வீட்டிலேயே கைப்பேசியில் பாடம் கேட்பதைக் காணும் பெற்றோருக்கு, கட்டிய பணம் வீணாகிறதோ என்ற ஐயம் எழுவது இயற்கையே. கொரோனா நோயினால் 2020ஆம் ஆண்டு கல்லூரிகள் மூடப்பட்டபோது பாடங்கள் இணையவழியே நடந்தன. பின்னர், இணையவழியையும் வகுப்பறையையும் இணைத்துக் கற்பிக்கும் முறை பல பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' இணையதளம் வழியே பயில அனுமதிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

எதைத் திரையில் கற்கலாம்?

திரும்பத் திரும்பக் கேட்டால் விளங்கக்கூடிய கருத்துகளுக்குத் திரை ஏற்றது. சான்றாக, நெல் வயலில் இடும் தழைச்சத்து ஆவியாகவும் நீரோடும் எவ்வாறு வீணாகிறது என்பதை மாணவர் வீட்டிலேயே படத்துடன் கேட்டறியலாம். வகுப்பு நேரத்தை ஐயம் தீர்க்கவும் உர அளவைக் கணக்கிட்டுப் பழகவும் ஒதுக்கலாம்.

எதை வயலில் கற்க வேண்டும்?

கண்ணும் கையும் பழக வேண்டியவற்றை வயலில்தான் கற்க முடியும். இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தும்போது காலை 8 முதல் 10 மணிக்குள், உடலின் நிழலில், முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். பத்துச் செடிகளில் இவ்வாறு பார்த்த பின்னரே உரமிடுவதை முடிவு செய்ய இயலும். திரையில் தோன்றும் பச்சை நிறம் கருவிக்குக் கருவி மாறுபடும். அதை நம்பி உரமிட்டால் செலவு கூடும்; பயிரும் பூச்சிக்கு இலக்காகும்.

தஞ்சை உழவர்களுக்கு இது புதிதன்று. 1960களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே பரவி 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. காதால் கேட்டாலும், வயலில் விளைந்து நின்றதைக் கண்ட பின்னரே நம்புவது உழவர் இயல்பு.

பெற்றோர் கவனத்திற்கு

1. வேளாண்மைப் பாடங்களில் '2+1' என்று குறிப்பிட்டிருந்தால், 2 என்பது கருத்தியல், 1 என்பது செய்முறை. அந்தச் செய்முறை வயலிலும் ஆய்வகத்திலும் நடக்கிறதா என விசாரியுங்கள்.

2. அலைவரிசை கிடைக்காத ஊராயின், கல்லூரியிலேயே பாடத்தைப் பதிவிறக்கி வரச் சொல்லுங்கள்.

3. வகுப்புக்கு முன்னரே பாடத்தைக் கேட்டு முடிக்கச் செய்யுங்கள். கேட்காமல் செல்பவருக்கு இம்முறையால் பயனில்லை.

4. விடுமுறையில் கற்றதை உங்கள் வயலிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

செய்து காட்ட முடிந்தால் படிப்பு கைவந்தது எனக் கொள்ளலாம்.