கொதிக்கும் எஞ்சினும் குறையும் நீரும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லாத நிலம். மழைநீரைத் தேக்கி வைக்கும் கண்மாய்களே அதன் உயிர்நிலை. வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் கண்மாய் நீர் விரைந்து வற்றுமாயின், உழவர் வெறுமனே வருந்தி நிற்பதில்லை. கரையைச் சுற்றி நடந்து கசிவைத் தேடுவர், மடையைப் பார்ப்பர், கலிங்கை ஆராய்வர். நீர் போன வழியை அறிந்த பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுப்பர். பழைய மோட்டார் வண்டி ஒன்று வழியெல்லாம் கொதித்து நின்று, ஊற்றும் நீரையெல்லாம் குடித்துவிடும்போதும் இம்முறையே கைகொடுக்கும்.

எஞ்சினுக்கு நீர் எதற்கு? பெட்ரோல் எரியும்போது சிலிண்டரினுள் எழும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் கடக்கும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும். மற்றொரு பகுதியை அகற்றாவிடில் உலோகம் விரிந்து, எண்ணெய் தன் வழவழப்பை இழந்து, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். ஆதலால் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் நீரை ஓடச் செய்கின்றனர். சூடேறிய நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரை அடைகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றினால் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே மீண்டும் எஞ்சினுக்குள் செல்கிறது. நீரைத் தள்ளுவது பம்பு; காற்றை இழுப்பது விசிறி. எஞ்சின் போதிய அளவு சூடேறும் வரை நீரைத் தடுத்து, பின்னர் வழிவிடுவது தெர்மோஸ்டாட். இதனை மடைக்கு ஒப்பிடலாம். மிகுந்த அழுத்தத்தை மட்டும் வெளிவிடும் ரேடியேட்டர் மூடியோ கலிங்கு போன்றது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இவ்வசதிகள் இல்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவியார் பெர்த்தா பென்ஸ் தம் மைந்தர் இருவருடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பிஃபோர்ஸ்ஹைம் நகருக்கு வண்டியோட்டிச் சென்றார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நீர் ஆவியாகிப் போவதனாலேயே அவ்வெஞ்சின் குளிர்ந்தமையால், வழி நெடுகிலும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டியில் அது இடம்பெற்றது. இத்தகைய ரேடியேட்டர்களால், ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரலாயிற்று. ஆகவே, இக்காலத்து வண்டியில் நீர் அடிக்கடி குறையுமாயின், அது இயல்பன்று. நோயின் அறிகுறியே ஆகும்.

2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்களுள் ஒன்று, கோடை நண்பகலில் பயணிகளை ஏற்றிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைச் சாலையில் செல்வதாகக் கொள்வோம். வெப்பமானியின் முள் உயர்கிறது. ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறுகிறது. அருகிலுள்ள கிணற்று நீரை ஊற்றினால் வண்டி மீண்டும் ஓடும். ஆனால் சிறிது தொலைவில் மறுபடியும் கொதிக்கும். நீர் குறைந்ததால் சூடேறிற்றா, சூடேறியதால் நீர் குறைந்ததா? ஆய்வு முழுவதும் இவ்வொரு வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதற்கு விடை காணும் வழி எளிது. குளிர்ந்த எஞ்சினில் நீரை நிரப்பி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி கொதிக்காத நிலையிலேயே அளவு குறையுமாயின் கசிவே முதற்குற்றம். கொதிக்கும் வரை அளவு மாறாதிருந்து, பின்னர்ப் பொங்கி வழியுமாயின் வெப்பத்தை அகற்றும் வழியில் தடையுண்டு.

கசிவைத் தேடுவோர் முதலில் கண்ணை நம்புவர். ரப்பர்க் குழாய்களின் இணைப்புகளிலும், ரேடியேட்டரின் பற்றவைப்புகளிலும், பம்பின் அடித்துளையிலும் காய்ந்த உப்புக்கறை காணப்படலாம். கண்ணுக்குப் புலப்படாத கசிவைக் காண, கைப்பம்பினால் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றுவர். அழுத்தமானியின் முள் இறங்கினால் எங்கோ வழியுண்டு என்பது உறுதி. மூடியையும் மறத்தலாகாது. காற்றழுத்தத்தைவிட அரை மடங்கு மிகுதியான அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 111 டிகிரியிலேதான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் அக்காப்பு நீங்கி, 100 டிகிரியிலேயே நீர் பொங்கிவிடும். தாழ்ந்துபோன கலிங்கினால் கண்மாய் நிறையாதிருப்பது போன்றது இது.

கசிவு இல்லையெனில் ஓட்டத்தை ஆராய வேண்டும். வண்டி நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் மட்டும் சூடேறினால், விசிறியையும் அதன் பெல்ட்டையும் ஐயுறலாம். விரைந்து ஓடும்போது சூடேறினால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். உப்பு மிகுந்த கிணற்று நீரை நெடுங்காலம் ஊற்றிய வண்டிகளில், கொதிபானையின் உள்ளே படிவது போன்ற சுண்ணப்படிவு குழாய்களை அடைக்கும். எஞ்சின் கொதிக்கும் நிலையிலும் மேற்குழாய் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். அதனைக் கழற்றி, ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், 80 டிகிரியை ஒட்டி அது திறப்பதைக் காணலாம். திறவாவிடில் புதியதொன்றை மாற்ற வேண்டும்.

வெளியே ஒரு துளியும் சிந்தாமல் நீர் மறைவதே அச்சத்திற்குரியது. சிலிண்டர்த் தலைக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதானால், நீர் சிலிண்டருக்குள் கசிந்து வெண்புகையாய் வெளியேறும். அல்லது எண்ணெயோடு கலந்து அதனைப் பால் கலந்த தேநீர் நிறமாக்கும். எரிந்த வாயு எதிர்வழியே புகுந்து ரேடியேட்டரில் குமிழிகளை எழுப்பும். இவ்வாயு பட்டால் நீலநிறம் மஞ்சளாகும் திரவம் ஒன்று உண்டு; அதனைக் கொண்டு ஐயத்தை நீக்கிக்கொள்வர். இந்நிலையிலும் நீரை ஊற்றி ஊற்றி ஓட்டினால் சிலிண்டர்த் தலை வளைந்துபோகும். சிறு ரப்பர் வளையத்திற்கோ குழாய்க்கோ செலவிடாத வாடகைக் கார் உரிமையாளர், பிழைப்புக்குரிய எஞ்சினையே இழக்க நேரிடும்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அழுத்தம் நீங்கிய அக்கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாய்ப் பொங்கி முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். எஞ்சினை நிறுத்தி, நன்கு குளிரும் வரை காத்திருத்தல் வேண்டும். சூடான இரும்பின்மீது குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் அது வெடிக்கவும் கூடும். பழுது நீங்கிய பின், தூய நீரில் எதிலீன் கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீரை ஊற்றினால் துருவும் படிவும் அணுகா. அது நஞ்சாதலின் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் காத்தல் கடமையாகும்.

வழியில் ஊற்றும் ஒரு குடம் நீர் வண்டியை வீடு சேர்க்கலாம். ஆனால் பழுதை நீக்காது. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, காரணத்தை உறுதி செய்த பின்னரே கருவியைத் தொடுபவரே நல்ல மெக்கானிக். கண்மாய்க் கரையில் நடந்து கசிவைத் தேடும் உழவரும், மூடி திறந்த எஞ்சினின் முன் குனிந்து நிற்கும் அவரும் ஒரே அறிவு நெறியைப் பின்பற்றுபவர் ஆவர்.