பிக்கப் வண்டியில் பிளக் மாற்றும் வேளை

பெட்ரோல் பிக்கப் வண்டியின் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல், காற்றுக் கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதன் நுனியில், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு மின்வாய்களுக்கிடையே பொறி தாவுகிறது. தமிழ்நாட்டில் காய்கறி மூட்டை ஏற்றி ஓடும் பிக்கப்புகளில் பல டீசல் வண்டிகள் என்பதாலும், டீசல் என்ஜினில் காற்றை அழுத்தும்போது எழும் சூடே எரிபொருளைப் பற்றவைத்துவிடும் என்பதாலும், பிளக் மாற்றும் கவலை இங்குள்ள ஓட்டுநர்கள் பலருக்கு இல்லை. அமெரிக்கப் பிக்கப்புகளிலோ ஆறு அல்லது எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்களே மிகுதி.

ஒவ்வொரு பொறியும் மின்வாயிலிருந்து துளி உலோகத்தை அரித்துச் செல்கிறது. என்ஜின் நிமிடத்திற்கு 2000 சுற்று சுழன்றால் ஒரு பிளக் 1000 முறை பொறி விடும் என்பதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 1,60,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அந்த எண்ணிக்கை 9.6 கோடியாகிறது. 1455 டிகிரி செல்சியஸில் உருகும் நிக்கலைவிட 2446 டிகிரி வரை தாங்கும் இரிடியம் மெதுவாகத் தேய்வதால்தான், நிக்கல் மின்வாய் கொண்ட பழைய வகைப் பிளக்குக்கு ஏறத்தாழ 48,000 கிலோமீட்டரும் இரிடியத்துக்கு 1,60,000 கிலோமீட்டரும் கெடுவாகச் சொல்லப்படுகின்றன.

ஆனால் கையேட்டில் உள்ள அந்த எண் கெடுவின் கடைசி எல்லையே தவிர, எல்லா வண்டிக்கும் பொருந்தும் நாள் அன்று. டிரெய்லர் இழுத்து மேடேறும் வண்டியில் சிலிண்டரின் சூடும் அழுத்தமும் கூடுகின்றன; வேலையிடத்தில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டியிலோ, மீட்டர் அசையாதபோதும் பிளக் பொறி விட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டி இழுவை குறைந்து, மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் தடுமாற்றம் தொடங்கும்வரை காத்திருப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் உண்மையில் செலவே: இடைவெளி அகல அகலக் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டிய இக்னிஷன் காயில் நைந்துபோகிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், நச்சுப்புகையைக் குறைக்கும் காடலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது. அதற்குமுன் ஒரு பிளக்கைக் கழற்றி, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளப்பதே அறிவுடைமை. நுனியின் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சீரானது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கோளாறு வேறிடத்தில், பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கெடுவின் இறுதிவரை விட்டுவைப்பதன் இடரை நன்கு காட்டியது, ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 2004 மாடல் முதல் சில ஆண்டுகள் வந்த 5.4 லிட்டர் என்ஜின். இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்த அதன் பிளக்கின் நீண்ட கீழ்க்குழல் சிலிண்டர் ஹெட்டின் துளையில் கரியால் ஒட்டிக்கொள்ள, திருகும்போது மேற்பகுதி மட்டும் கையோடு வந்து, குழல் உள்ளேயே தங்கிவிட்டது. ஆறிய என்ஜினில் பிளக்கை எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்றுக்குள் மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிட்ட பின், முன்னும் பின்னுமாகத் திருகிக் கழற்ற வேண்டும் என்று நிறுவனமே பணிமனைகளுக்கு வழிமுறை அனுப்ப நேர்ந்தது. அத்தனை பக்குவமாகச் செய்தும் முறிந்தால், தனியே செய்த இழுப்பான் கருவியால் மிச்சத்தைத் துளைக்குள்ளிருந்து எடுக்க வேண்டியிருந்தது.